கரையில் வலிக்கும் துடுப்பு

நீரில்லை, ஓடமில்லை, துடுப்பென்று சொல்லுதற்குரிய அலகுமில்லை. நீண்டதோர் உலோகத் தண்டு, அதன்மேல் முன்னும் பின்னும் உருளும் சிறு பீடம், பாதங்களை வைத்து வாரினாற் கட்டுதற்கு இரு பலகைகள், ஒரு சங்கிலி, அதன் நுனியில் இரு கைகளாலும் பற்றுதற்கு ஒரு பிடி, எதிரே கூண்டிற்குள் ஒரு விசிறிச் சக்கரம். இவ்வளவே அப்பொறி. பீடத்தின்மேல் அமர்ந்து, முழங்கால்களை மடக்கி, பிடியைப் பற்றிக் காலால் உந்தி, முதுகைச் சாய்த்து, கைகளால் மார்புவரை இழுத்தால் சக்கரம் காற்றை அடித்துக்கொண்டு இரைகின்றது. பின்னர் முன்னோக்கி உருண்டு மீண்டும் இழுத்தல் வேண்டும். எத்தனை நாழிகை இழுப்பினும் இருந்த இடத்தினின்று ஓரங்குலமும் நகர்வதில்லை. இதனை முதன்முறை காண்பவர் நகைக்காதிரார். நாமும் நகைத்தோம்.

நகைத்த நாமே பின்னர் அதன்மேல் அமர நேர்ந்தது. நாள் முழுதும் நாற்காலியில் இருந்து பிறருடைய உழைப்பை ஏட்டிற் பதிவு செய்வதே தொழிலாகவுடைய நமக்கு, இரத்தத்திற் சர்க்கரை மிகத் தொடங்கியதென்றும், வாரத்தில் மூன்று நாளேனும் உடல் வியர்க்க வேண்டுமென்றும் வைத்தியர் கண்டிப்பாகக் கூறிவிட்டார். ஆகவே பட்டணத்து உடற்பயிற்சிக் கூடமொன்றிற் சேர்ந்தோம். அங்கே ஓடும் பொறிகளும் மிதிக்கும் பொறிகளும் எப்பொழுதும் நிறைந்திருக்க, ஒரு மூலையில் யாருந் தீண்டாது கிடந்தது இந்தத் துடுப்புப் பொறி. தீண்டப்படாமைக்குக் காரணம் அமர்ந்த மூன்றாவது நிமிடத்தில் விளங்கிற்று. 2,000 மீட்டர் என்று திரையிற் குறித்துக்கொண்டு தொடங்கினோம். முடித்தபொழுது 10 நிமிடம் 40 விநாடி ஆகியிருந்தது. ஆற்றல் 85 வாட் என்று திரை கூறிற்று. ஒரு குதிரைத் திறன் என்பது 746 வாட் ஆதலின், நாம் ஒரு குதிரையில் ஒன்பதில் ஒரு பங்கினராயினோம். அதுவும் பத்து நிமிடத்திற்கு மட்டுமே. பதினோராவது நிமிடத்தில் நாம் குதிரையுமல்லோம், மனிதருமல்லோம். தரையிற் கிடந்த ஒரு மூட்டை.

அன்றிரவே அப்பொறியைப் பற்றி வாசிக்கத் தொடங்கினோம். வாசிக்க வாசிக்க, அஃது உடற்பயிற்சிப் பண்டம் மட்டுமன்று, மனித உடலை நிறுக்கும் தராசு என்பதும், அத்தராசின் பின்னே நெடிய சரித்திரமொன்று உண்டென்பதும் தெரியலாயின. அச்சரித்திரத்தில் நம்மவர்க்கு நன்கு அறிமுகமான நோயொன்றும் இருக்கக் கண்டோம்.

முதலில் தராசைப் பற்றிச் சொல்லுவோம். இன்று உலகெங்கும் வழங்கும் இப்பொறியின் முதல் உருவத்தை அமெரிக்க நாட்டு வெர்மான்ட் மாகாணத்தில், துடுப்புச் செய்து விற்றுவந்த டிரைசிகாக்கர் சகோதரர் இருவர் 1981இல் வெளியிட்டனர். ஒரு மிதிவண்டியைக் கொட்டகைத் தரையில் ஆணியடித்து நிறுத்தி, அதன் சங்கிலியை இழுத்துப் பார்த்ததே அவர்கள் தொடக்கம். அதற்கு முன்னரும் நார்வே நாட்டார் உராய்வுப் பட்டை கொண்டு செய்த கனமான பொறிகள் சோதனைச் சாலைகளில் இருந்தன. விலையும் நிறையும் மிக்கிருந்தமையின் அவை எளிய சங்கங்களை எட்டவில்லை. மிதிவண்டிச் சக்கரமோ எங்குங் கிடைப்பது.

பொறியின் நேர்மைதான் நம்மைப் பெரிதுங் கவர்ந்தது. ஒவ்வோர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் இடையே சக்கரம் சிறிது தளர்கின்றதல்லவா? எவ்வளவு விரைவாகத் தளர்கின்றதென்பதை அளந்து, அன்றைய காற்றின் தடை இவ்வளவென்று பொறி தானே கண்டுகொள்ளுகின்றது. கூண்டில் தூசி படிந்திருக்கலாம். மலையுச்சியிற் காற்று மெலிந்திருக்கலாம். காற்று புகும் வாயிலை ஒருவர் அகலத் திறந்திருக்கலாம். எதுவாயினும் கணக்கு ஒவ்வோர் இழுப்பிலும் புதிதாகச் சரிபார்க்கப்படுகின்றது. வணிகனொருவன் ஒவ்வொரு நிறுவைக்கு முன்னும் தன் படிக்கல்லைத் தானே நிறுத்துப் பார்ப்பது போலும் இது! தராசின் பக்கத்தில் நின்றே வயது கழித்த நமக்கு, அத்தகைய வணிகனைக் கண்ட நினைவில்லை.

கணக்கின் மற்றொரு கூறு கடுமையானது. நீரிற் செல்லும் ஓடத்தின் இயல்பைப் பின்பற்றி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்திற்கு ஒப்ப ஆற்றல் கணிக்கப்படுகின்றது. வேகம் இரட்டிக்க வேண்டுமாயின் ஆற்றல் எட்டு மடங்காதல் வேண்டும். 2018ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாட்டு ஜோஷ் டன்க்லி ஸ்மித் என்பார் இப்பொறியில் 2,000 மீட்டரை 5 நிமிடம் 35.8 விநாடியில் முடித்தார். நம்முடைய வேகத்தினும் அவர் வேகம் இரு மடங்கிற்குச் சற்றுக் குறைவே. ஆனால் அவர் ஆற்றலோ 590 வாட். நம்முடையதைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. இவ்வுண்மையை அறிந்தபின் நமக்குச் சிறிது ஆறுதலும் மிகுந்த அடக்கமும் உண்டாயின.

நிற்க. கரையில் இருந்து துடுப்பு வலித்தல் இக்காலத்தார் கண்டுபிடித்த விநோதமென்று எண்ணற்க. கி.மு. 260 அளவில் ரோமாபுரியார் கார்த்தேஜ் நாட்டாரோடு கடற்போர் செய்ய வேண்டி, அவசரமாக மரக்கலங்கள் கட்டத் தொடங்கினர். கலங்களுண்டு, வலிப்பார்க்குப் பழக்கமில்லை. ஆகவே கலங்கள் கட்டி முடியுமுன்னரே, கடற்கரையில் பலகைகளைக் கலத்திலிருப்பது போலவே வரிசையாக இட்டு, அவற்றில் ஆட்களை அமர்த்தி, நடுவே ஏவலன் ஒருவனை நிறுத்தி, அவன் குரலுக்கு ஒருங்கே சாயவும் நிமிரவும் பழக்கினார்கள் என்று பொலிபியஸ் என்னும் பண்டைச் சரித்திர ஆசிரியர் எழுதி வைத்திருக்கின்றார். அக்கரையில் அமர்ந்தோருக்குத் தம் உடலைப் பற்றிய எண் எதுவும் தரப்படவில்லை. அவர் உடலை யாரும் அளக்கவுமில்லை, வேலையே அளவாயிருந்தது.

உடலை அளக்க வேண்டுமென்னும் எண்ணம் பிற்காலத்தது. அதுவும் உழைப்பாளியின் உடலைக் கண்டு எழுந்ததன்று. கனவான்களின் உடலைப் பற்றிய அச்சத்தால் எழுந்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 1829 முதல் தம்முள் ஓடப் பந்தயம் நடத்தி வந்தனர். இத்துணைக் கடுமையாக இழுத்தால் இருதயம் கெட்டு இளமையிலேயே மாள்வர் என்று பலர் அஞ்சினர். மான்செஸ்டர் நகர வைத்தியர் ஜான் மார்கன் என்பார், 1829 முதல் 1869 வரை அப்பந்தயத்தில் வலித்த 294 பேரைப் பற்றி விசாரித்து, 1873இல் நூலொன்று வெளியிட்டார். அவர்கள் கெடவில்லை; மற்றையோரினும் நீண்ட ஆயுளே பெற்றனர் என்பது அவர் கண்ட முடிவு. நல்ல செய்திதான். ஆயினும் அதே தேம்ஸ் நதியில், பந்தயத்திற்காகவன்றி வயிற்றுக்காக நாள்தோறும் வலித்துவந்த ஓடக்காரர் எத்தனை பேர்! அவர்தம் இருதயம் என்னவாயிற்றென்று அந்நூல் கேட்கவில்லை.

கேளாதிருந்தது மட்டுமன்று, கதவையும் அடைத்தார்கள். ஹென்லி என்னும் ஊரில் 1839 முதல் நடந்துவரும் புகழ்பெற்ற ஓடப் போட்டிக்கு 1879இல் ஒரு விதி வகுத்தனர். கூலிக்குக் கைத்தொழில் செய்பவர், இயந்திரத் தொழிலாளி, உடலுழைப்பாளி ஆகியோர், அல்லது முன்னர் எப்போதேனும் அவ்வாறு இருந்தோர், 'அமெச்சூர்' என்னும் பெயருக்கு உரியரல்லர் என்பது அவ்விதியின் சாரம். அடுத்த சில ஆண்டுகளில் அந்நாட்டுத் துடுப்புச் சங்கமும் இத்தகைய விதியை ஏற்று, இழிதொழில் புரிவோரையும் சேர்த்து விலக்கிற்று. ஓடம் விட்டுப் பணம் பெற்றவனை விலக்கினாலாவது ஒரு நியாயம் கூறலாம். செங்கல் அடுக்கினவனையும் தச்சு வேலை செய்தவனையும் விலக்குவானேன்? உடலுழைப்பாளிக்கு இயற்கையிலேயே வலிமை மிகுதி. அவனோடு போட்டியிடுதல் கனவான்களுக்கு அநீதி என்றனர் சிலர். அவன் நம் அருகே அமர்தற்குரியனல்லன் என்று நினைத்தவர் பலர். உழைப்பாளி இழிந்தவன், உழைப்பாளி வலியவன். இவ்விரண்டையும் ஒரே வாயாற் சொல்லுவதற்கு எத்துணைப் பயிற்சி வேண்டும்! ஆனால் இப்பயிற்சி ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதென்று நாம் பெருமைகொள்ள முடியாது. வயலில் நிற்கும் கை வலியது, பந்தியில் அமரும் கை தீட்டு என்று சொல்லிவந்த பெருமக்கள் நம்மிடத்தில் குறைந்தவரல்லர். தொழிலைக் கொண்டு பிறப்பையும், பிறப்பைக் கொண்டு இடத்தையும் அளப்பதொரு தராசு எந்நாட்டிலிருப்பினும் அது கள்ளத் தராசே.

இவ்வடைத்த கதவில் மோதினவருள் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் செங்கல் அடுக்கும் தொழில் செய்து முன்னேறிய ஜான் கெல்லி என்பார் 1920இல் ஹென்லியில் ஒற்றை ஓடப் போட்டிக்கு விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டார். அவர் சேர்ந்திருந்த சங்கத்தின்மீது அப்போட்டியாளர்க்குப் பழைய பிணக்கொன்றும் இருந்தது. ஆயினும் கைத்தொழிலாளி என்பதும் காரணமாகக் காட்டப்பட்டது. அவ்வாண்டு அப்போட்டியில் வென்றவர் ஜாக் பெரஸ்போர்டு என்னும் ஆங்கிலேயர். சில வாரங்களுக்குப் பின் ஆன்ட்வெர்ப் நகரத்து ஒலிம்பிக் பந்தயத்தில் அதே பெரஸ்போர்டைக் கெல்லி ஒரு விநாடி முந்தி வென்றார். அன்றே சிறிது நேரத்தில் தம் உறவினரோடு இரட்டை ஓடத்திலும் வென்றார். அவர் மகன் வளர்ந்து 1947இலும் 1949இலும் அந்த ஹென்லியிலேயே அதே போட்டியில் வாகை சூடினார். (மகளோ திரைப்பட நடிகையாகி, மொனாக்கோ நாட்டு இளவரசியானார்.) 1936இல் ஆஸ்திரேலியக் காவலர் எண்மர் கொண்ட அணியையும் தொழிலாளர் என்று ஹென்லி விலக்கிற்று. அதனால் எழுந்த கண்டனத்தின்பின் 1937இல் தொழிலாளரை விலக்கும் சொற்கள் விதியினின்று நீக்கப்பட்டன. எழுதிய விதியை நீக்க ஐம்பத்தெட்டு ஆண்டுகள்! எழுதாத விதிகளுக்கு எத்தனையாண்டோ.

இனி அறிவியற் கதைக்கு வருவோம். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் யேல் பல்கலைக்கழகத்து எண்மர் வென்றனர். அவருள் ஒருவர் பிற்காலத்தில் குழந்தை வளர்ப்பு நூலால் உலகப் புகழ்பெற்ற வைத்தியர் ஸ்பாக். அவர்கள் வெளியிட்ட மூச்சையும் உண்ட உணவின் எரிவையுங் கணக்கிட்டு, மனித ஆற்றலின் உச்சம் யாது, அதற்கு எரிபொருள் யாது என்று யேல் ஆசிரியர் ஹெண்டர்சன், ஹாக்கார்டு இருவரும் 1925இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். மூச்சை அளக்கும் வழியை டக்ளஸ் என்னும் ஆங்கிலேயர் 1911இலேயே எளிதாக்கியிருந்தார். ரப்பர் பூசிய பெரிய பையொன்றை வாயோடு குழாயால் இணைத்து, வெளிவிடும் மூச்சு முழுவதையும் அதில் அடைத்து, எத்துணைப் பிராணவாயு செலவாயிற்று, எத்துணைக் கரியமிலவாயு உண்டாயிற்று என்று காண்பதே அவ்வழி. நம் நாட்டு மரத்தின் பால் மனிதன் மூச்சைப் பிடிக்கவும் பயன்பட்டிருக்கலாமென்று நினைக்க ஒரு சிறு மகிழ்ச்சி.

அக்காலத்திலேயே ஏ.வி. ஹில் என்னும் அறிஞர் ஓட்டக்காரரிடத்தே ஆராய்ந்து, மனிதன் செலவிடும் ஆற்றலுக்குரிய பிராணவாயுவை உடனுக்குடன் பெற இயலாதபொழுது உடல் 'கடன்' வாங்குகின்றதென்றும், ஓய்ந்தபின் மூச்சிரைத்து அக்கடனைத் திருப்புகின்றதென்றும் கூறினார். 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசை மேயர்ஹோப் என்பாரோடு பகிர்ந்துகொண்டவர் இவர். அக்கடன் ஹில் எண்ணியவாறு அவ்வளவு எளிய கணக்கன்று என்பது பின்னர்த் தெளிந்தது. எனினும் கடன் என்னும் சொல் நிலைத்துவிட்டது. கடனைப் பற்றிய சொற்கள் எங்கும் நிலைத்தே விடுகின்றன.

துடுப்பு வலிப்போரைப் பொறியின்மேல் வைத்து விரிவாக ஆராய்ந்தவருள் ஒஹையோ பல்கலைக்கழகத்துப் பிரெடரிக் ஹாகர்மன் குறிப்பிடத்தக்கவர். 300க்கு மேற்பட்ட அமெரிக்க வலிப்போரை 6 நிமிடம் முழு வலிமையோடு வலிக்கச் செய்து, அவ்வாற்றலில் ஏறத்தாழ 70 பங்கு உள்ளிழுத்த மூச்சிலிருந்தும், 30 பங்கு மூச்சின் துணையின்றித் தசைக்குள்ளேயே எரிந்தும் வருகின்றதென்று 1978இல் அவருங் கூட்டாளிகளும் கண்டனர். பயிற்சியற்ற இளைஞன் ஒரு நிமிடத்தில் 3 லிட்டர் அளவே பிராணவாயுவை உடலிற் சேர்த்துக்கொள்ள வல்லன். ஒலிம்பிக் தரத்து ஆடவர் 6 லிட்டரையும் தாண்டுகின்றனர். அதற்காக அவர் நெஞ்சு நிமிடத்திற்கு 200 லிட்டருக்கு மேல் காற்றை ஏற்றி இறக்குகின்றது. பீடம் முன்னே உருளும்பொழுது முழங்கால் வயிற்றை அழுத்துமாதலின், மூச்சையும் இழுப்பின் தாளத்திற்கே கட்டியாள வேண்டும். நாம் அந்த முதல் நாளில் இவ்விரண்டையும் இணைக்கத் தெரியாது திணறியதன் காரணம் இப்பொழுது விளங்குகின்றது.

சோதனை நடக்கும் முறையும் அறியத்தக்கது. வலிப்பவர் முகத்தில் மூச்சு அளக்கும் கவசத்தை மாட்டுவர். முதலில் இலேசான ஆற்றலில் 4 நிமிடம். உடனே காதின் மடலில் ஊசியாற் குத்தி ஒரு துளி இரத்தம். பின்னர் 25 அல்லது 30 வாட் கூட்டி மற்றொரு 4 நிமிடம், மற்றொரு துளி. இவ்வாறு படிப்படியாக ஆறு, ஏழு படிகள். கடைசிப் படியில் 'இனி உன்னால் இயன்றதெல்லாம்' என்று விட்டுவிடுவர். அந்தக் கடைசி நான்கு நிமிடத்தில் முகத்தில் இரத்தம் இராது. கண் எதையும் நோக்காது. முடிந்தவுடன் பீடத்தினின்று சரிந்து தரையிற் கிடப்பவரே மிகுதி. அந்த நிலையிலும் காது மடலுக்கு விடுதலையில்லை.

அத்துளியில் தேடுவது லாக்டிக் அமிலத்தின் உப்பாகிய லாக்டேட்டு. ஓய்விலிருப்பவர் இரத்தத்தில் லிட்டருக்கு 1 மில்லிமோல் அளவே இருக்கும். கடுஞ்சோதனையின் முடிவில் 15ஐயும் தாண்டும். இடையில் ஏதோ ஒரு படியில் அது திடீரெனப் பெருகத் தொடங்குகின்றது. அப்படிவரை ஒருவர் நெடுநேரம் தாக்குப்பிடிக்கலாம், அதற்குமேல் நிமிடக்கணக்கே. 1976இல் ஜெர்மனியில் மாடர் என்பாரும் உடனாராய்ந்தோரும் 4 மில்லிமோல் என்னும் அளவை அவ்வெல்லையாகக் குறித்தனர். அவ்வெல்லை ஆளுக்காள் வேறுபடும் என்பது பின்னர் உறுதியாயிற்று. ஒருவர்க்கு 3இலேயே எல்லை. மற்றொருவர்க்கு 5இலும் இல்லை. இன்னொரு திருத்தமும் உண்டு. நெடுங்காலம் லாக்டேட்டைக் கழிவென்றும் நஞ்சென்றும் தூற்றினர். கலிபோர்னியாவின் ஜார்ஜ் புரூக்ஸ் முதலானோர் 1980கள் முதல் செய்த ஆராய்ச்சியால், உழைக்கும் தசை வெளியிடும் அதனை இருதயமும் மற்றத் தசைகளும் எரிபொருளாக ஏற்றுக்கொள்ளுகின்றன என்பது தெளிவாயிற்று. கழிவென்று ஒதுக்கப்பட்டது இருதயத்தின் உணவாக இருந்திருக்கின்றது. இதனை வாசித்த அன்று நாம் புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் வெறுமனே அமர்ந்திருந்தோம்.

இத்தராசு யாருக்குக் கதவு திறந்தது? 2007இல் பிரிட்டனில், உயரமான ஆடவரும் பெண்டிரும் முன் அனுபவமின்றியே விண்ணப்பிக்கலாமென்று ஓர் அழைப்பு விடுத்தனர். ஆடவர்க்கு 6 அடி 3 அங்குலம், பெண்டிர்க்கு 5 அடி 11 அங்குலம் வேண்டுமென்பது நிபந்தனை. வந்தவர்களின் உயரத்தையும் வலிமையையும் மூச்சையும் பொறிகளில் அளந்தனர். அவ்வழியில் வந்தவர் ஹெலன் குளோவர் என்னும் உடற்பயிற்சி ஆசிரியை. உயரம் சிறிது குறைந்தமையால் அளக்கும்பொழுது நுனிக்காலில் நின்றதாக அவரே கூறியிருக்கின்றார்! 2008இல் துடுப்புக் கற்கத் தொடங்கிய அவர், 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஹெதர் ஸ்டானிங்கோடு தங்கம் வென்றார். துடுப்பில் பிரிட்டிஷ் பெண்கள் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அதுவே. 2016இலும் வென்று, மூன்று குழந்தைகட்குத் தாயாகிய பின்னரும் திரும்பி, 2024இல் பாரிசில் வெள்ளி பெற்றார். நூற்றாண்டுக்கு முன்னாயின் அவர் எந்தச் சங்கத்தின் வாயிலில் நின்றிருப்பார்? ஒலிம்பிக்கிற் பெண்களுக்குத் துடுப்புப் பந்தயமே 1976இற்றான் வந்தது. அப்பொழுதும் அவர்க்கு 1,000 மீட்டர் போதுமென்றனர். ஆடவரைப் போல 2,000 மீட்டர் 1988இல் கிடைத்தது. பெண்ணின் மூச்சு ஆயிரம் மீட்டரோடு தீர்ந்துபோகும் என்று எந்தப் பையிலும் எவரும் அளந்து கண்டதில்லை. அளவாமலே நிச்சயித்தார்கள். அளப்பதன் பெருமை அங்கே விளங்குகின்றது.

ஆயினும் பொறிக்குத் தெரியாதவையும் உள. பொறியின்மேல் உடல் பருத்தவன் தன் பாரத்திற்கு விலை கொடுப்பதில்லை. நீரிலோ பாரத்திற்கேற்ப ஓடம் ஆழ்ந்து தடை மிகும். அலகை நீருள் இறக்கும் கணம், எட்டுப் பேர் ஒருவராய் அசையும் இசைவு, எதிர்க்காற்றில் கலங்காத உள்ளம், இவற்றைச் சக்கரம் அறியாது. ஆகவே பயிற்சியாளர் மற்றொரு சோதனையும் செய்வர். இரண்டு ஓடங்களை ஒன்றுக்கொன்று போட்டியிடச் செய்து, பின் இரண்டிலும் ஒவ்வொருவரை மட்டும் இடம் மாற்றி மீண்டும் போட்டியிடச் செய்வர். வந்த வேறுபாடு அவ்விருவர் கணக்கு. பொறியில் முதல்வனாய் நின்றவன் இதில் தோற்பதும், பொறியில் இடைப்பட்டவன் எந்த ஓடத்திலேறினாலும் அவ்வோடம் விரைவதும் உண்டு. அவனிடத்தே என்ன இருக்கின்றதென்று காது மடலைக் குத்தியும் காண முடிவதில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் தோட்டத்திற் செம்பனைக் குலை வெட்டும் இளைஞர் ஒருவர், பட்டணத்தில் வேலையிருப்பதாகக் கூறி நம் வண்டியில் உடன்வந்தார். நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளை நாள் முழுதும் தலைக்குமேல் உயர்த்தி இழுப்பவர். நாம் பயிற்சி முடிக்கும்வரை கூடத்திற் காத்திருந்தவர், பொறியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "ஏறிப் பாரேன் தம்பி" என்றோம். காலணியைக் கழற்றிவிட்டு அமர்ந்தார். ஓடத்தில் ஏறியறியாதவர், முதல் ஐம்பது இழுப்பும் கோணலாகவே இருந்தன. பின்னர் முதுகும் காலும் ஏதோ பழைய வேலையை நினைவு கூர்ந்தாற்போல ஒழுங்குபட்டன. 2,000 மீட்டரை 8 நிமிடம் 10 விநாடியில் முடித்துவிட்டார். 190 வாட். கூடத்தில் மாதக்கணக்காய்ப் பயில்வோர் இருவர் எழுந்து வந்து திரையைப் பார்த்தனர்.

அவர் அவர்களைப் பார்க்கவில்லை. நம்மையே பார்த்து, "ஐயா, இந்தக் கணக்கு எங்கே போகும்? ஆபீசுக்கா?" என்று கேட்டார்.

"எங்கும் போகாது தம்பி. இது உன்னுடையது."

"அப்படியானால் எதற்கு எடுக்கிறார்கள்?"

விடை சொல்லத் தெரியாது நின்றோம். பதினைந்து ஆண்டுகளாக இவர் போன்றாரின் குலைகளை எண்ணி, எண்ணை ஏட்டிலிட்டு, ஏட்டை அலுவலகத்திற் சேர்த்து வருகின்றோம். அவ்வெண்ணைக் கொண்டு கூலி கணக்கிடப்படுகின்றது. மாத முடிவில் ஒரு தாள் வருகின்றது. தாளிலுள்ளதற்கும் தாம் வெட்டியதற்கும் ஒவ்வாதபோது அவர் வந்து நம் மேசையின் எதிரே நிற்கின்றார். எண் என்பது தம்மிடமிருந்து எடுக்கப்பட்டு எங்கோ செல்லும் பொருள் என்பதன்றி வேறெதனை அவர் கண்டார்? நாம் கூறிய விடையும் முழு உண்மையன்று. தேசிய அணிகளில் இவ்வெண் பயிற்சியாளர் ஏட்டிலேயே பதிவாகின்றது. அணியில் இடம் பெறுவதும் இழப்பதும் பெரும்பாலும் அதனோடு பிணைந்தவை. எனினும் அங்கே வலிப்பவர் தம் எண்ணைத் தாமும் அறிவர். சென்ற மாதத்து எண்ணோடு ஒப்பிடுவர். பிழையென்று தோன்றினால் மறுபடி சோதிக்கச் சொல்வர். குலைக் கணக்கை மறுபடி எண்ணச் சொன்னவரை நாம் எவ்வாறு நோக்கியிருக்கின்றோம் என்று அப்பொழுது நினைவு வந்தது.

கூடத்தின் மேசையிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தேதியும் தொலைவும் நேரமும் வாட்டும் எழுதி அவரிடம் கொடுத்தோம். பழகிய கையாதலின் எழுத்து அழகாகவே அமைந்தது. அவர் வாங்கி இருமுறை வாசித்தார்.

"பேர் போடவில்லையே ஐயா?"

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாட்கூலி என்பது பழைய வழக்கு. முழுப் பேர், அரைப் பேர் என்று எத்தனை முதியோர் நம் தந்தையார் காலத்துக் கிராணிமாரிடம் மன்றாடியதை இளமையிற் கேட்டிருக்கின்றோம். பேனாவை எடுக்கக் கை நீட்டினோம். அதற்குள் அவரே அதை எடுத்துக்கொண்டு, தாளைச் சுவரின்மேல் வைத்து, தந்தை பெயரின் முதலெழுத்தோடு தம் முழுப் பெயரையும் மெல்ல எழுதி, நான்காக மடித்துச் சட்டைப் பையிலிட்டுக்கொண்டார். வரும் வழியெல்லாம் அடுத்த ஞாயிறு வண்டி எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதையே கேட்டுக்கொண்டு வந்தார்.